இணையம் எட்டாத பிள்ளைக்கும் பாடம் எட்ட: கட்டற்ற மென்பொருளையும் திறந்த வளங்களையும் பள்ளிக்குக் கொண்டுவரும் வழி

ஒரே வகுப்பு, ஒரே பாடம். “இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நாளைக்கு வாங்க” என்று ஆசிரியர் சொல்கிறார். முதல் பெஞ்சு மாணவிக்கு அது பத்து நிமிட வேலை. அவள் பக்கத்தில் உட்காருபவளோ, அப்பா வேலை முடிந்து வந்து போனைக் கையில் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வந்தாலும் அண்ணனுக்கு அதே போன் தேவைப்படும். அப்புறம், அன்றைய டேட்டா மிச்சமிருக்க வேண்டும். மறுநாள் கேள்வி கேட்கும்போது இருவரையும் ஒரே தராசில்தான் நிறுக்கிறோம்.

இது ஓரிரு வீட்டுக் கதை இல்லை. யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 3 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கக் கட்டற்ற மென்பொருளும் (யாரும் பயன்படுத்த, மாற்ற, பகிர உரிமை தரும் மென்பொருள்) திறந்த கல்வி வளங்களும் (அதே போன்ற உரிமையோடு வெளியாகும் பாடங்கள்) நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் கணினி வந்து இறங்கினால் போதும், மீதி தானாக நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பெரு நாட்டின் கிராமப்புறப் பள்ளிகளில் ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ திட்டம் நடந்தபோது, 319 பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வை அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி 2012-ல் வெளியிட்டது. ஒரு மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணிதத் தேர்விலும் மொழித் தேர்விலும் முன்னேற்றம் தென்படவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது; அதைப் பாடத்தோடு கோக்கும் வேலை கூடவே போகவில்லை.

அதனால் இங்கே சொல்லும் ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொள்வோம்: வகுப்பில் வசதி மிகக் குறைந்த பிள்ளைக்கு இது எட்டுமா? அவளுக்கு எட்டினால் மற்ற எல்லோருக்கும் எட்டும். மேலிருந்து தொடங்கினால் ஒருநாளும் அவள்வரை வராது.

படி 1: இலவசம் வேறு, திறந்தது வேறு என்று பிரித்துப் பழகுங்கள்

பலரும் முதலில் சறுக்குவது இங்கேதான். காசு கேட்காத எல்லாமே திறந்தது என்று எண்ணிவிடுகிறோம். ஒரு தளத்தில் பாடம் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் அதை இறக்கி, பென்டிரைவில் போட்டு, இணையமில்லாத பள்ளிக்கு எடுத்துப்போக உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். தளம் நாளைக்குக் கட்டணம் கேட்டாலோ மூடிவிட்டாலோ உங்கள் வகுப்பும் அதோடு நிற்கும். இல்லாத பிள்ளைக்குப் பாடத்தைக் கொண்டுசேர்க்க நமக்கு வேண்டியது அனுமதி: கையில் வைத்துக்கொள்ள, பயன்படுத்த, மாற்ற, இன்னொன்றோடு கலக்க, அடுத்தவருக்குக் கொடுக்க. டேவிட் வைலி என்ற கல்வியாளர் இந்த ஐந்தையும் திறந்த வளத்தின் இலக்கணமாகத் தொகுத்துத் தந்தார். ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் 2002-ல் யுனெஸ்கோ நடத்திய கூட்டத்தில் பிறந்தது. 2019-ல் யுனெஸ்கோ பொது மாநாடு இதற்கென்றே ஒரு பரிந்துரையை நிறைவேற்றியது.

அனுமதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலான திறந்த பாடங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் சின்னங்கள் இருக்கும். நான்கே சின்னங்கள்தான். மனித உருவம் இருந்தால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். சுழன்று திரும்பும் அம்பு இருந்தால், நீங்கள் மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். டாலர் குறியின்மேல் கோடு போட்டிருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சமக்குறி இருந்தால் அப்படியே பகிரலாம், மாற்றியதைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சமக்குறியை நான் தாமதமாகத்தான் கற்றேன். அழகான அறிவியல் படக்கதை ஒன்றை மூன்று வாரம் உட்கார்ந்து மொழிபெயர்த்து முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தின் மூலையில் அது இருப்பதைப் பார்த்தேன். அனுமதி கேட்டு எழுதினோம், பதில் வரவில்லை, அந்த வேலையை அப்படியே ஒதுக்கிவைத்தோம். அதற்குப் பிறகு எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதல் வேலையாகக் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறேன்.

இன்னொரு நுட்பம். விக்கிப்பீடியாவின் உரிமத்தில் பெயர் சொல்வதும் அதே உரிமத்தில் பகிர்வதும் நிபந்தனைகள். கான் அகாடமி என்ற இலவசப் பாடத் தளத்தின் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு இவற்றோடு வணிகத் தடையும் உண்டு. இரண்டையும் ஒரே கோப்புறையில் அடுத்தடுத்து வைக்கலாம், தடை இல்லை. இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்துப் பின்னி ஒரே கையேடாக எழுதினால் இரண்டு உரிமங்களும் முட்டிக்கொள்ளும்.

இன்றைக்கே ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து கட்டங்கள் போடுங்கள்: பாடத்தின் பெயர், ஆக்கியவர், உரிமம், எங்கிருந்து எடுத்தது, எடுத்த தேதி. முந்நூறு பாடம் சேர்ந்த பிறகு இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

படி 2: யாரிடம் என்ன இல்லை என்று கேளுங்கள்

“வீட்டில் போன் இருக்கிறதா?” என்று வகுப்பில் கேட்டால் ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயரும். இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் கூச்சமாக இருக்கும். அதனால் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் எழுதி வாங்கலாம், அல்லது தனித்தனியாகப் பேசலாம். கேள்வியையும் மாற்ற வேண்டும். போன் யாருடையது? உன் கைக்கு எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் இருக்கும்? உட்கார்ந்து படிக்க வெளிச்சமும் இடமும் உண்டா? பள்ளி விட்டுப் போனதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது யார்? வீட்டில் எந்த மொழியில் பேசுவீர்கள்? பலகையில் எழுதுவது தெரிகிறதா, சொல்வது கேட்கிறதா?

கடைசி இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில்கள்தான் பிறகு எந்த மென்பொருள், எந்தப் பாடம் என்பதையே மாற்றும்.

பள்ளியைப் பற்றியும் குறித்துக்கொள்ளுங்கள்: மின்சாரம் எத்தனை மணி நேரம் நிற்காமல் வருகிறது, பிளக் பாயின்டுகள் எத்தனை, பூட்டும் அறை உண்டா, இணையம் இருந்தால் அதன் உண்மையான வேகம் என்ன. இதில் ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் போதாது, இருவர் வேண்டும். ஒருவர் இடமாற்றலாகிப் போனதும் பூட்டிக் கிடக்கும் கணினி அறைகள் ஏராளம்.

அப்புறம் ஒரே ஒரு இலக்கு வையுங்கள். ‘ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாத பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்’ என்பது போல, இந்தப் பருவத்துக்குள் பார்க்கக்கூடிய அளவில் இருக்கட்டும்.

படி 3: பழைய கணினிகளுக்கு உயிர் கொடுங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகளை அலுவலகங்கள் ஓரங்கட்டுகின்றன. பள்ளிக்கு இவை போதும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: 64 பிட் செயலியா, ரேம் 4 ஜிபியாவது இருக்கிறதா, ஹார்டு டிஸ்க்கை மாற்ற முடியுமா. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டால் கணினியின் வேகத்தில் தெரியும் மாற்றத்துக்கு ஈடாக வேறு எந்தச் செலவும் இல்லை. கையில் இருக்கும் பணத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கொடுத்தவரின் பழைய தரவு எதுவும் மிச்சமில்லாமல் முழுக்க அழித்துவிட வேண்டும், அது நம் பொறுப்பு.

இயங்குதளமாக விண்டோஸுக்குப் பதில் கட்டற்ற லினக்ஸைப் போடுங்கள். அதன் வகைகளில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுன்டுவையோ எடுங்கள். இரண்டும் எளிய கணினியில் ஓடும், விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவும் தெரியாது. பள்ளி முழுவதற்கும் ஒரே வலையமைப்பாகச் செய்ய விரும்பினால் ‘டெபியன் எடு’ (Debian Edu) என்ற லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. 2001-ல் நார்வேயில் ஸ்கோலெலினக்ஸ் என்ற பெயரில் தொடங்கியது அது. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதூரா மாகாணம் 2002-லேயே லினெக்ஸ் என்று சொந்தமாக ஒரு லினக்ஸ் பதிப்பை உருவாக்கிப் பள்ளிகளில் நிறுவியது. ஆக, யாரும் நடக்காத பாதையில் உங்களை நடக்கச் சொல்லவில்லை.

நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று நான்கையும் சோதித்துவிட்டே நிறுவுங்கள். ஒரு கணினியைக் கச்சிதமாகத் தயார்செய்து, குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு அதன் நகலை மற்றவற்றில் இறக்கினால் பத்துக் கணினியும் ஒரே முகத்தோடு இருக்கும். ஒரு பிள்ளைக்கு எங்கே உட்கார்ந்தாலும் அதே இடத்தில் அதே பொத்தான் இருக்க வேண்டும். எழுத்துருவையும் தாய்மொழி விசைப்பலகையையும் இந்த நகலிலேயே சேர்த்துவிடுங்கள். தமிழ் என்றால் தமிழ்99 லினக்ஸிலும் கிடைக்கிறது.

மென்பொருள்களை அள்ளிப் போட வேண்டாம். சிறுவர்களுக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு, வரைய டக்ஸ் பெயின்ட், நிரல் பழக ஸ்கிராட்ச், எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபிஸ். வடிவியலுக்கு ஜியோஜீப்ராவைப் பலரும் விரும்புவார்கள், நல்ல கருவிதான். ஆனால் அதன் உரிமத்தில் வணிகத் தடை உண்டு, முழுக்கக் கட்டற்றது என்று கணக்கில் எழுதாதீர்கள்.

படி 4: இணையமில்லாத வகுப்பறைக்குள் ஒரு சர்வர்

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படி. ஒரு சின்னக் கணினியில் பாடங்கள் எல்லாம் இருக்கும், அதுதான் சர்வர். அதை ஒரு வைஃபை ரௌட்டரில் இணைத்திருப்போம். அறையில் இருக்கும் எந்தக் கணினியும் டேப்லெட்டும் பழைய போனும் அந்த வைஃபையில் சேர்ந்து, பிரவுசரைத் திறந்து பாடம் படிக்கலாம். வெளியிலிருந்து இணையம் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

சர்வராக ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினியை வைத்துக்கொள்ளலாம், நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினியும் போதும். எனக்கு மடிக்கணினிமேல்தான் சாய்வு. அதில் பேட்டரி இருப்பதால் மின்சாரம் போனாலும் பாடம் நிற்காது. திரையும் விசைப்பலகையும் கூடவே இருப்பதால் கோளாறு பார்ப்பது எளிது. ராஸ்பெரி பைதான் வேண்டும் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். பாடங்களை மெமரி கார்டில் வைக்காமல் எஸ்எஸ்டியில் வையுங்கள், மின்சாரம் திடீரென்று போகும்போது முதலில் பழுதாவது கார்டுதான். அடுத்தது கடிகாரம். ராஸ்பெரி பை 4-ல் தன்னிச்சையாக ஓடும் கடிகாரம் கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்துதான் வாங்கிக்கொள்ளும். இணையம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்தங்கும். “போன வாரம் இவன் ஒன்றுமே செய்யவில்லையே” என்று ஒரு ஆசிரியர் வருத்தப்பட்டதைக் கேட்டுப் போய்ப் பார்த்தால், அந்தப் பையன் செய்த பயிற்சிகள் அத்தனையும் பல மாதம் முந்தைய தேதியில் பதிவாகியிருந்தன. பேட்டரி வைத்த சின்னக் கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தினால் இந்தத் தொல்லை தீரும்.

இப்போது மென்பொருள். இரண்டு போதும்.

முதலாவது கொலிப்ரி, இணையமில்லாமலே பாடங்களைத் தரும் மென்பொருள். 2012-ல் கான் அகாடமி பாடங்களை இணையமில்லாமல் கொடுக்க கேஏ லைட் என்று ஒன்றைச் செய்த ‘லேர்னிங் ஈக்வாலிட்டி’ குழுவினர் அடுத்து உருவாக்கியது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ராஸ்பெரி பை எல்லாவற்றிலும் ஓடும். பாடங்கள் ‘சேனல்’களாகக் கிடைக்கும்; வேண்டிய பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி, டிஸ்க்கில் ஏற்றி, எத்தனை பள்ளிக்கு வேண்டுமானாலும் அதிலிருந்தே கொடுக்கலாம். ஆசிரியர் பாடத்தையும் வினாத்தாளையும் தொகுத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம், யார் எந்தக் கணக்கில் தடுமாறுகிறார்கள் என்று பார்க்கலாம்.

இரண்டாவது கிவிக்ஸ். 2007-லிருந்து இருக்கிறது. விக்கிப்பீடியா போன்ற முழுத் தளத்தையே ஒரே கோப்பாக அடக்கித் தருகிறது. படங்களோடு கூடிய ஆங்கில விக்கிப்பீடியா 100 ஜிபியைத் தாண்டும். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 22 மணி நேரத்துக்கு மேல் இறங்கும். அதனால் இதை வேகமான இணையம் உள்ள இடத்தில் ஒரு இரவு விட்டு எடுத்து வாருங்கள். படமில்லாத பதிப்பும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு இருந்தும் அளவில் மிகச் சிறியது, தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நிறுவும் வரிசை இது. சர்வரில் கொலிப்ரியை நிறுவி, ‘பள்ளி’ என்று ஒரு வளாகத்தைத் தொடங்கி, நிர்வாகி பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். ரௌட்டரில் சர்வருக்கு நிலையான ஐபி எண் (வலையமைப்பில் அதன் முகவரி) ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் எண் மாறிக்கொண்டே இருக்கும். 192.168.1.10 என்று ஒதுக்கியிருந்தால் பிள்ளைகள் பிரவுசரில் 192.168.1.10:8080 என்று அடித்தால் கொலிப்ரி திறக்கும். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எல்லாக் கணினியிலும் முகப்புப் பக்கமாகவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ரௌட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 30 பேர் ஒரே நேரத்தில் நொடிக்கு 1 மெகாபிட் வீடியோ பார்த்தால் கூட்டிப்பார்க்க 30 மெகாபிட்தான், கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு வாங்கும் மலிவான ரௌட்டர்கள் வேகத்தால் திணறுவதைவிட எண்ணிக்கையால்தான் திணறும். முப்பது கருவிகளைத் தாங்கும் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) ஒன்றை வாங்குங்கள், மேசைக் கணினிகளைக் கேபிளில் இணைத்துவிடுங்கள். முதல் நாள் வகுப்புக்கு முன்னால் எல்லாக் கருவிகளிலும் ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்.

படி 5: பாடம் பொறுக்குவது

நிறைய இருந்தால் நல்லது என்ற ஆசை இங்கே வரும். அதை அடக்குங்கள். ஆயிரம் வீடியோ உள்ள சேனலைத் திறந்த பிள்ளை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதல் படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும். பாடநூலின் பொருளடக்கத்தை எடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இரண்டோ மூன்றோ திறந்த வளங்களை மட்டும் எழுதுங்கள். எழுதும் ஆசிரியர் ஒவ்வொன்றையும் முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். தலைப்பில் பின்னம் என்று இருக்கும். உள்ளே போனால் நம் பாடநூல் சொல்லித்தரும் முறைக்கு நேர்மாறாகப் போகும். இப்படி நடந்தால் குழம்புவது, வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைதான்.

மொழிதான் முதல் வடிகட்டி. புரியாத மொழியில் உலகத் தரமான வீடியோவைவிடப் புரிந்த மொழியில் எளிய படக்கதை மேல். வாசிப்புக்கு ஸ்டோரிவீவரைத் தயங்காமல் சொல்வேன். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய தளம், 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள், தமிழும் உண்டு, வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்திருப்பார்கள். இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்கும் இதே வழிதான். அறிவியலுக்கு ஃபெட், அதாவது திரையிலேயே செய்துபார்க்கும் சோதனைகள்: கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. மின்சுற்றைப் பிள்ளையே கோத்துப் பார்த்து, பேட்டரியைக் கூட்டினால் பல்ப் பிரகாசமாவதைக் காணலாம். மொழி அதிகம் வேண்டாத வளம் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

எல்லாவற்றுக்கும் ஒரு காகித வடிவமும் வைத்திருங்கள். போன் கைக்கு வராத வீட்டுக்குப் போகும் பாடம் இரண்டு பக்க அச்சுத்தாள்தான். திறந்த உரிமம் இருப்பதால் அதை நகலெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

படி 6: இல்லாததை நீங்களே செய்யுங்கள்

உங்கள் பிள்ளைகளுக்குத் தேவையான பாடம் அவர்கள் மொழியில் எங்குமே இல்லை என்ற நிலை சீக்கிரமே வரும். பயப்பட வேண்டாம். எளிதானதிலிருந்து தொடங்குங்கள்: குரல். ஒரு போனும் அமைதியான அறையும் போதும். ஆசிரியர் பாடத்தை ஐந்து நிமிடத்தில் பேசிப் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சலை நீக்கினால் ஒலிப்பாடம் தயார். மிகச் சிறிய கோப்பு, எந்தப் பழைய போனிலும் ஓடும். பழகிய ஆசிரியரின் குரல் என்பதால் பிள்ளைகள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

வீடியோ செய்தால் அளவைக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் போட்டு 480 வரிகளுக்கு இறக்கி, நொடிக்கு 500 கிலோபிட் அளவில் வைத்தால் பத்து நிமிடப் பாடம் 40 எம்பிக்குள் அடங்கும். பலகையில் எழுதிக் காட்டும் பாடத்துக்கு இந்தத் தெளிவே போதும். பிள்ளை விடையளிக்க உடனே சரியா தவறா என்று காட்டும் ஊடாடும் பயிற்சிகளைச் செய்ய எச்5பி என்ற கருவி உண்டு. கொலிப்ரி அதையும் திறந்து காட்டும். நீங்கள் செய்த எல்லாவற்றையும் கொலிப்ரி ஸ்டுடியோ என்ற இணையதளத்தில் ஏற்றி உங்கள் சொந்தச் சேனலாகத் தொகுக்கலாம்.

மொழிபெயர்க்கும்போது தனியாக உட்காராதீர்கள். இருவர் மொழிபெயர்த்து, ஒரு மாணவி வாய்விட்டு வாசிக்கட்டும். அவள் எங்கே தட்டித் தடுமாறி நிற்கிறாளோ அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். எந்த அகராதியும் இவ்வளவு நேர்மையாகப் பிழை சொல்லாது. முடித்ததில் உங்கள் பெயரையும் மூல ஆசிரியர் பெயரையும் உரிமத்தையும் எழுதி வெளியே விடுங்கள். அடுத்த பள்ளி அதையே மறுபடி செய்ய வேண்டியிருக்காது.

படி 7: பார்க்க, கேட்க, வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகள்

இதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் சேர்க்கவே மாட்டோம். பார்வையற்ற பிள்ளைக்குத் திரையை வாசித்துக் காட்ட விண்டோஸில் என்விடிஏ, லினக்ஸில் ஓர்கா. என்விடிஏ-வை 2006-ல் தொடங்கியவரே பார்வையற்றவர், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன். திரைவாசிப்புக் கருவிகள் பெரும் விலைக்கு விற்ற காலத்தில் அதை எல்லோருக்கும் இலவசமாகவும் கட்டற்றதாகவும் கொடுத்தார். எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் பொறி தமிழ் உட்படப் பல மொழிகளைப் பேசும். குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் சில நாட்களில் பழகிவிடுவார்கள்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை: ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விவரணை, ஒவ்வொரு வீடியோவுக்கும் வசன வரிகள், எழுத்தைப் படமாக ஸ்கேன் செய்து போடாமல் யூனிகோடில் தட்டச்சு செய்வது. ஸ்கேன் செய்த தாளைத் திரைவாசிப்பான் வாசிக்காது. அந்தப் பிள்ளைக்கு அது வெறும் வெள்ளைத் தாள்.

படி 8: மவுஸ் யார் கையில்?

ஒரு கணினிக்கு மூன்று பேர் என்று உட்காரவைத்துவிட்டு, பத்து நிமிடம் பேசாமல் பின்னால் நின்று பாருங்கள். மவுஸ் ஒரே கையில் இருக்கும். பெரும்பாலும் வீட்டில் ஏற்கெனவே கணினி பார்த்த கை அது. நடுவில் இருப்பவன் திரையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பான். ஓரத்தில் இருப்பவள் கழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் நோட்டின் ஓரத்தில் பூ வரைய ஆரம்பித்திருப்பாள். எல்லோருக்கும் கணினி கிடைத்ததாகப் பதிவேட்டில் இருக்கும். அவளுக்குக் கிடைத்தது ஒரு மூலை.

இதற்கு மருந்து எளிது, கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்ததும் மூவரும் இடம் மாறுவார்கள். மவுஸ் பிடிப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது, மற்ற இருவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். மூன்றாமவர் விடைகளை நோட்டில் எழுதுவார். நான் பார்த்த வகுப்பில் முதல் வாரம் ஒரே சத்தம், சண்டை. இரண்டாவது வாரத்தில், பூ வரைந்துகொண்டிருந்த பெண் “இல்லை, கீழே இருப்பதைப் பெருக்கு” என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னாள். அவன் பெருக்கினான். விடை சரியாக வந்தது.

கால அட்டவணையிலும் இதே கவனம் வேண்டும். பள்ளி முடிந்த பிறகு அறை திறந்திருக்கும் என்று அறிவித்தால், வீட்டு வேலைக்கு ஓட வேண்டிய பிள்ளைகள் வர முடியாது, பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அதனால் பாட நேரத்துக்குள்ளேயே வாரத்துக்கு இரண்டு வகுப்புகளை ஒதுக்குங்கள். நன்றாகப் படித்தால் கணினி என்று பரிசாக வைக்காதீர்கள். பின்தங்கியவர்களுக்குத்தான் அது முதலில் தேவை.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்றால் ஒருநாள் கூட்டம் போதாது. வாரம் அரை மணி நேரம், அடுத்த வாரப் பாடத்தையே சர்வரில் திறந்து சேர்ந்து செய்து பாருங்கள். கணினியைத் தொடத் தயங்கும் மூத்த ஆசிரியருக்கு மாணவர்கள் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற அச்சம் இருக்கும். மாணவர்கள் இல்லாத அறையில் அவருக்கு முதலில் நேரம் கொடுங்கள்.

படி 9: பதிவுகளும் அந்தரங்கமும்

கொலிப்ரியில் சேரும் பதிவுகள் உங்கள் சர்வரிலேயே இருக்கும் என்பது பெரிய நிம்மதி. இருந்தாலும் முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி எதையும் ஏற்ற வேண்டாம். வகுப்பும் வரிசை எண்ணும் போதும். சிறு பிள்ளைகள் பாஸ்வேர்டு இல்லாமல் பயனர் பெயரை மட்டும் அடித்து நுழையும் வசதியும் அதில் உண்டு.

எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பெரிதாக எடுக்காதீர்கள். தொடங்கும் முன் பத்துக் கேள்வி, பருவ முடிவில் அதே அளவில் வேறு பத்துக் கேள்வி, இரண்டையும் காகிதத்தில் வையுங்கள். சராசரியைப் பார்த்து நிறுத்திவிடாமல், தொடக்கத்தில் கடைசியாக இருந்த கால்பங்குப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவர்கள் அசையாமல் மற்றவர்கள் மட்டும் ஏறியிருந்தால் இடைவெளியை நாம்தான் கூட்டியிருக்கிறோம். படி 5-க்கும் படி 8-க்கும் திரும்பிப் போக வேண்டும்.

படி 10: கைமாற்றிக் கொடுக்கும்படி எழுதிவைப்பது

சர்வரின் ஐபி எண், வைஃபை பெயர், எந்த டிஸ்க்கில் நகல் இருக்கிறது, எதை எந்த வரிசையில் அணைப்பது, கோளாறு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது என்ன — எல்லாம் நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும். அச்சிட்டு சர்வர் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். எழுதியவர் இல்லாத நாளில் இன்னொரு ஆசிரியரை அந்தத் தாளை மட்டும் வைத்து அணைத்துப் போடச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி சேருங்கள்.

மாதம் ஒருமுறை கொலிப்ரியின் தரவை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். விடுமுறையில் சர்வரை இணையம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய் மென்பொருளைப் புதுப்பித்து, பழைய கிவிக்ஸ் கோப்புகளை மாற்றி, உடைந்த ஹெட்போன்களைக் கணக்கெடுங்கள். உடைவது ஹெட்போன்தான், எப்போதும் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அந்த விடுமுறையிலேயே இன்னொரு டிஸ்க் வாங்கி, சேனல்கள், கிவிக்ஸ் கோப்புகள், குளோன்சில்லா நகல், உரிம விரிதாள், நீங்கள் செய்த ஒலிப்பாடங்கள், அந்த நான்கு பக்கத் தாள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடுங்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து யாராவது கேட்டு வரும்போது கையில் கொடுத்தனுப்ப அது தயாராக இருக்கட்டும்.